அப்பா சொன்னதை அவர்கள் நம்பிவிட்டார்கள்

சனிக்கிழமை காலைகளில் மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். எண்பதுகளில் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நியூசிலாந்தின் ஒக்லாந்தில் வந்து இறங்கிய பிள்ளைகள் நாம். இப்போது நமக்கே இரண்டு மூக்குக்கண்ணாடி தேவைப்படுகிறது, பேப்பர் பார்க்க ஒன்று, பந்து பார்க்க ஒன்று. போன கிழமை தோற்றுப்போன டீமின் கோச்சை நீங்கள் கிழித்த கிழியைப் பக்கத்தில் நின்று கேட்டேன். பாதிப் பேர் கோச்சில் பிழை என்றீர்கள். மீதிப் பேர் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொரணை இல்லை என்றீர்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய்க் காரைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன். அங்கேயே வாயைத் திறந்திருந்தால் ஆட்டம் முடிந்தும் நான் முடித்திருக்க மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு கோடைகாலத்துக் கதைதான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பக்குரங்காவில் வாடகை வீடு. அப்பாவுக்கு விரி என்ற பகுதியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. யாழ்ப்பாணத்தில் அவர் கணித மாஸ்டர். அவர் எதிரே வந்தால் பெரிய வகுப்புப் பெடியன்கள் சைக்கிளை விட்டு இறங்கி நடப்பார்கள். இங்கே தொழிற்சாலையில் அவருடைய பெயர் யாருடைய வாயிலும் நுழையவில்லை. எல்லாரும் ‘மேட்’, அதாவது நண்பா, என்று கூப்பிட்டார்கள். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வேலை முடிந்து வந்தால் அப்பா உட்காரமாட்டார். வீட்டு நடைவழியில் முன்னும் பின்னுமாக நடப்பார். அந்த வீட்டுக் கம்பளம் நடுவில் மட்டும் தேய்ந்ததற்கு வீட்டுக்காரர் எங்களைத்தான் பார்த்தார்.

பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் என்னை சொஃப்ட்போல் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பேஸ்போலுக்குச் சித்தப்பா மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து கொஞ்சம் பெரிது, கையைக் கீழால் சுழற்றி எறிய வேண்டும். மட்டையோடு நிற்பவளுக்குப் பின்னால் ஒருத்தி குந்தியிருந்து, வருகிற பந்தையெல்லாம் பிடிக்க வேண்டும். அந்த இடத்துக்குப் போக ஒருத்திக்கும் விருப்பமில்லை. கொஞ்ச நேரம் குந்தினாலே அவர்களுக்குக் கால் விறைத்துவிடும். நானோ கிணற்றடியில் குந்தியிருந்து கோப்பை கழுவி வளர்ந்தவள், எவ்வளவு நேரமும் குந்துவேன். இப்படித்தான், ஒரு திறமையும் காட்டாமலே, பிடிப்பவள் ஆனேன்.

முதல் ஆட்டத்தைப் பார்க்க வந்த அம்மா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டார்.

“பொம்பிளைப் பிள்ளை சபைக்கு முன்னால உப்பிடிக் குந்திக்கொண்டிருக்கிறதே?”

“விளையாட்டெண்டால் அப்பிடித்தான், விடுமப்பா,” என்றார் அப்பா.

முகத்துக்குக் கம்பி வைத்த மாஸ்க் போட வேண்டும். அதற்குள் இரப்பரும், எனக்கு முந்தியவர்களின் வியர்வையும் மணக்கும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டால் நான் எந்த நாடு, எப்போது திரும்பிப் போவேன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கிளப் கொடுத்த தோல் கையுறை பலகை மாதிரி இருந்தது. அம்மாவின் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தேய்த்துத் தேய்த்து அதை மெதுவாக்கினேன். வெயில் ஏறினால் அதிலிருந்து எங்கள் வீட்டு எண்ணெய் முழுக்கு நாள் வாசம் வரும். எந்த வீடு மாறியபோது அந்தக் கையுறை தொலைந்தது என்று தெரியவில்லை. இப்போது கடையில் புதுக் கையுறைகளை எடுத்து மோந்து பார்த்தால் விற்கிற பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறது.

எங்கள் டீமில் பந்து எறிபவள் என்னைவிட ஒரு முழம் உயரம். அவள் முழு வேகத்தில் எறிந்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும். கையுறைக்குள் ‘பட்’ என்று விழும்போது உள்ளங்கை சிவக்கும். எனக்கு அந்த எரிச்சல் பிடிக்கும். எனக்கும் அவளுக்கும் அதிகம் பேச்சு இல்லை, ஆனால் கண்ணைப் பார்த்தே எங்கே எறியப் போகிறாள் என்று சொல்லிவிடுவேன். இந்த நாட்டில் எனக்கென்று இருந்த முதல் இடம் அவளுக்கு எதிரே இருந்த அந்தப் புழுதி மூலைதான்.

முதல் ஆண்டு நன்றாக விளையாடினோம். அடுத்த கோடைக்கு எங்களை ஒரு படி மேலே, பெரிய டீம்களோடு போட்டுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கோச் ஒஸ்ரேலியாவுக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். கிளப் மண்டபத்தில் பெற்றோரைக் கூட்டி, டீமின் மனேஜராக இருந்த அம்மணி, “யாராவது கோச்சாக வராவிட்டால் டீம் இல்லை” என்றார். எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். ஒரு பெரிய மனுசி சபையில் கேட்க, ஒருவரும் வாய் திறக்காமல் இருப்பது அப்பாவால் தாங்க முடியாத மரியாதைக் கேடு. கையைத் தூக்கிவிட்டார்.

“உங்களுக்கு என்னப்பா தெரியும்?” என்று காரில் அம்மா கேட்டார்.

“பந்தும் மட்டையும்தானே. கிரிக்கெற் விளையாடினவனுக்கு இது என்ன?”

இதுதான் இருந்தது. கிரிக்கெட்டில் வெளியே போகிற பந்தைத் தொடாமல் விடுவது பெரிய கெட்டித்தனம். அப்பா எங்கள் அடிக்கிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். அவர்களும் மகா பொறுமையாக மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பந்தைப் போகவிட்டார்கள். மூன்று நல்ல பந்தை விட்டால் சொஃப்ட்போலில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வரிசையாகப் போனார்கள். நூலகத்துப் புத்தகத்தைப் படித்து அப்பா தன்னைத் திருத்திக்கொள்வதற்குள் பல சனிக்கிழமைகள் போய்விட்டன.

அதற்காகப் பிள்ளைகளைத் தலையில் தூக்கி வைக்காதீர்கள். நடுவில் நிற்க வேண்டியவள் கழிப்பறைக்குப் பின்னால் சிகரெட் பழகிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பயிற்சி நாளெல்லாம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பக்குரங்கா பிளாசாவில் சுற்றினாள். ஆட்டம் முடிந்ததும் அப்பா ரியூசன் வகுப்பில் செய்வது போல எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருத்தியும் தான் விட்ட பிழையைத் தானே சொல்ல வேண்டும் என்பார். முதலில் நான். என் பிழைகளை நான் சொல்லி முடித்தபின் அவர் மேலும் சிலதைச் சேர்ப்பார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது தொடரும். “குதிக்காலை நிலத்தில வையாதை. முழங்கையை மடக்கு.” பிள்ளை பாஸ் பண்ணினால் மாஸ்டர் கெட்டிக்காரர், பெயில் விட்டால் பிள்ளை மொக்கு. அவர் வந்த உலகத்தின் கணக்கு அது.

கிறிஸ்மஸுக்கு முந்திய சனிக்கிழமை. அன்றும் தோல்வி, மோசமான தோல்வி. சதுப்புப் பக்கமிருந்து சேற்று மணத்தோடு காற்று அடித்தது. பெற்றோர் கொட்டிலடியில் சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெங்காயமும் தக்காளிச் சோசும் மட்டும் வைத்த பாண் துண்டைத் தின்றுகொண்டு நின்றேன். மனேஜர் அம்மணி அப்பாவிடம் வந்து, “இப்படியே போனால் அடுத்த ஆண்டு இந்த டீமைக் கலைத்துவிடுவார்கள். எங்கே பிழை என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். எறிபவளின் தகப்பன், கட்டட வேலைக்காரர், பெரிய குரல்காரர், அவரும் வந்து நின்றார். மற்றவர்களும் தலையைத் திருப்பினார்கள்.

அப்பா தொண்டையைச் செருமினார். தன்னுடைய திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னார்.

“முதல் பிழை என் மகளில்தான். மெத்தனமானவள், கவனம் இல்லை. அவள் ஒழுங்காகப் பிடித்தால் நாங்கள் இப்படித் தோற்கமாட்டோம்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

அவர் எதற்குக் காத்திருந்தார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா, “இவளோ, சரியான சோம்பேறி, ஒரு தேத்தண்ணி போடத் தெரியாது” என்பார். வந்த மாமி உடனே, “சும்மா இரும், தங்கமான பிள்ளை” என்பார். ஒருவர் இறக்க வேண்டும், மற்றவர் தூக்க வேண்டும். சொந்தப் பிள்ளையைக் கீழே வைத்தால்தான் மற்றவர் பிள்ளையைப் பற்றி வாய் திறக்கலாம். அப்பா தன்னுடைய பாதியைச் செய்துவிட்டு, அவர்களுடைய பாதிக்காக நின்றார்.

அவர்கள் ஆமென்று தலையை ஆட்டினார்கள். எறிபவளின் தகப்பன் அப்பாவின் தோளில் தட்டி, “சொந்தப் பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்ல நெஞ்சு வேண்டும், மேட்” என்றார். மனேஜர் அம்மணிக்குக் கண்ணே கலங்கியது. “உங்கள் நேர்மைக்கு நன்றி. சரி, அப்படியானால் என் மகளைப் பிடிக்க விட்டுப் பார்ப்போம்.”

அப்பாவின் வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. பிறகு, “யெஸ், யெஸ். தாங்க் யூ” என்றார்.

அந்த மனிதர்களில் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. அவர்கள் அப்பா சொன்னதைக் கேட்டார்கள், கேட்டதை நம்பினார்கள். கோபமெல்லாம் அப்பாவில்தான். வாயில் இன்னும் பாண் இருந்தது. அப்படியே புல்லில் துப்பினேன்.

விடுமுறைக்குப் பிறகு என்னை வலது பக்கத் தூர மூலையில் நிறுத்தினார்கள். அங்கே பந்து வராது. பைன் மரங்களும் சில்வண்டுச் சத்தமும்தான். நான் புல்லைப் பிடுங்கினேன், சப்பாத்து நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன், வேலி வரை நடந்தேன், திரும்பினேன். எவ்வளவோ தூரத்தில் வேறு ஒருத்தி என் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தாள். மனேஜரின் மகள் நல்ல பிள்ளை, ஆனால் பந்துக்குப் பயம். பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள்.

அதைவிட மோசமான ஒன்று நடந்தது, அது எனக்கு மட்டும் தெரிந்தது. எறிபவள் வேகத்தைக் குறைத்துவிட்டாள். முழு வேகத்தில் எறிந்தால் அந்தப் பிள்ளைக்கு அடிபடும் என்று பயந்தாள். மெதுவாக வந்த பந்துகளை எதிர் டீம்காரிகள் வேண்டிய பக்கமெல்லாம் அடித்தார்கள். ஓரத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், நல்லாய் எறிந்தவள் இப்போது எறிய மாட்டேன் என்கிறாள் என்பதுதான். அவளுடைய தகப்பன் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துவார். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். சொன்னால் மனேஜரின் மகள் மனம் நோகும்.

ஒரு ஞாயிறு எப்சத்தில் மலேசியா அன்ரி வீட்டுக்குப் போனோம். அன்ரி இங்கே நம்மவர் யாரும் இல்லாத காலத்திலேயே மலேசியாவிலிருந்து வந்து, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவர். அம்மா நடந்ததைச் சொன்னார். அன்ரி சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த முறுக்கு குதித்தது.

“ஐயோ அண்ணே, இவங்ககிட்டப் போய் அப்படிலாம் சொல்லலாமா? நம்பிடுவாங்க லா! நான் வந்த புதுசுல வார்டுல ‘எனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்’னு பணிவா சொன்னேன். ஆறு மாசம் படுக்கை விரிக்க விட்டுட்டாங்க.”

அம்மாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய், அன்ரியின் சின்னத் தோட்டத்தில் முன்னும் பின்னுமாக நடந்தார்.

அன்று திரும்பி வரும்போது நான் சொல்லிவிட்டேன்.

“அப்பா, அவள் வேணுமெண்டுதான் மெதுவா எறியிறாள். நான் பிடிச்சால் ஒழுங்கா எறிவாள்.”

“தன்னைப் பற்றித் தானே கதைக்கிறதே?” என்றார் அப்பா. ஆனால் குரலில் கண்டிப்பு இல்லை.

“அப்ப நான் போய்ச் சொல்லட்டே?” என்றார் அம்மா.

“என்னெண்டு? எங்கட பிள்ளைக்குத் திரும்ப இடம் தாங்கோ எண்டோ? கோச்சின்ர பெண்சாதி போய்க் கேட்கிற கேள்வியே அது?”

இப்படி எங்களை நாங்களே கட்டிப்போட்டு வைத்திருந்தோம். நான் சொன்னால் தற்பெருமை. அம்மா சொன்னால் சலுகை கேட்பது. அப்பா சொன்னால் இரண்டும். உண்மை தெரிந்த வீட்டில் ஒருவருக்கும் அதைச் சொல்லும் உரிமை இல்லை. அந்த வாரங்களில் அப்பா என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. குதிக்காலைப் பற்றியும் இல்லை, முழங்கையைப் பற்றியும் இல்லை. காரில் பின்னால் இருந்து அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு வருவேன். சூடேறிய கார் சீற்றில் தொடை ஒட்டும். எனக்கு எதையாவது உடைக்க வேண்டும் போல இருக்கும்.

பருவம் முடிய இன்னும் கொஞ்ச ஆட்டங்களே இருந்தன. அந்தச் சனிக்கிழமை எதிர் டீம் எங்களைத் துவைத்துக்கொண்டிருந்தது. எறிபவளின் தகப்பன் வழக்கத்தைவிடப் பலமாகக் கத்தினார். “சோம்பேறி! கையில் உயிர் இல்லையா? வெட்கமாக இல்லையா?” அவள் பந்தை நிலத்தில் வைத்தாள். எறியவில்லை, மெதுவாக வைத்தாள். திரும்பி வெளியே நடந்தாள்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். நான் என் மூலையிலிருந்து ஓடி வந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை, கால் நிற்கவில்லை. அப்பா ஏற்கெனவே அவளுக்கு முன்னால் போய் நின்றார். மனேஜர் அம்மணி வந்தார், தகப்பனும் வேலியைத் தாண்டி வந்தார்.

“இவளை என்ன செய்வது என்று நீயே சொல்லு, கோச்,” என்றார் தகப்பன். “இனி இவளை விளையாட விடுவதா வேண்டாமா?”

அப்பா தொப்பியைக் கழற்றினார். மூக்கில் பூசியிருந்த வெயில் களிம்பு வெள்ளையாகத் தெரிந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அவளில் பிழை இல்லை. அவளுடைய வேகத்துக்குப் பிடிக்க இங்கே ஒரு பிள்ளைதான் இருக்கிறாள். அவளை அந்த இடத்திலிருந்து எடுத்தது நான்.”

மனேஜர் அம்மணிக்கு விளங்கவில்லை. “அவள் சரியில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

“சொன்னேன். அது உண்மை இல்லை.” இப்போது தலையை நிமிர்த்தினார். “இந்த டீமில் ஆகத் திறமான பிள்ளை என் மகள்தான். சொல்லும்போதே எனக்கு அது தெரியும்.”

“பிறகு ஏன் சொன்னீர்கள்?”

அப்பா வார்த்தை தேடினார். கரும்பலகைக்கு முன்னால் ஒருநாளும் தடுமாறாத மனிதர்.

“எங்களில் சொந்தப் பிள்ளையைப் பற்றி அப்படித்தான் சொல்லுவோம். மற்றவர்கள் இல்லை என்று சொல்லுவார்கள்.”



“நாங்கள் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டுமா?” என்றார் மனேஜர் அம்மணி.

“யெஸ்.”

“எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே, மேட்,” என்றார் தகப்பன். அந்தப் பெரிய குரல் அவ்வளவு சின்னதாக வந்ததை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை.

அப்பா எறிபவளிடம் திரும்பினார். “கோச்சின் பிழையை நீ சுமந்தாய். என்னை மன்னிக்க வேண்டும்,” என்றார். யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் ஒரு மாணவியிடம் மன்னிப்புக் கேட்பதை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருக்கவில்லை, உண்மையைச் சொன்னால் ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அவள் தன் தகப்பனைப் பார்க்கவேயில்லை. குனிந்து பந்தை எடுத்தாள். மனேஜரின் மகள் அதற்குள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டாள். “அப்பாடா,” என்று சொல்லி, சுடச்சுட ஈரமாக என் கையில் தந்தாள்.

குந்தினேன். முதல் பந்து வந்தது. ‘பட்.’ உள்ளங்கை எரிந்தது. அடுத்தது அதைவிட வேகம். எதிர் டீம்காரி மட்டையைத் தூக்குவதற்குள் பந்து என் கையில். கம்பிக்குள்ளே நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியாது, இரண்டுக்கும் அங்கே மறைவு இருந்தது. அது போதவில்லை என்பது வேறு கதை. முன்னால் விட்ட ஓட்டங்கள் அதிகம். கிட்டத்தில் வந்தோம், வந்து தோற்றோம். கடைசியாக வந்த ஒரு உயரப் பந்து என் கையுறையின் நுனியில் பட்டுப் பின்னால் போனது, அதில்தான் அவர்களுடைய கடைசி ஓட்டம். அந்தப் பந்தில் பிழை யாருக்கு என்று கேட்டால், எனக்குத்தான். அதை நான் கோச்சின் தலையில் போட மாட்டேன். ஆனால் அதுவரை நான் வேலியோரம் நின்ற சனிக்கிழமைகள் என் கணக்கில் வராது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒருவர் தலையில் வைக்கத் துடிக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் பருவத்தோடு கோச் வேலையை விடுகிறேன் என்று அப்பா சொன்னார். “அதைப் பருவம் முடிந்து பேசுவோம். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு நேரத்துக்கு வாருங்கள்,” என்றார் மனேஜர் அம்மணி.

காரில் ஏறினோம். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுமை இல்லை.

“அவ்வளவு பேருக்கு முன்னால என்னப்பா கதைச்சனீங்கள்?”

“மாட்ச் விசயம்.”

கார் பாலத்தடிக்கு வந்தது. நான் முன்னே சாய்ந்து அவருடைய பிடரிக்குப் பின்னால் இருந்தேன். நான்தான் ஆகத் திறமான பிள்ளை என்று ஆங்கிலத்தில், வேற்று மனிதர்களுக்குச் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை. நான் காதால் கேட்டதை அவர் மறந்துவிட்டாரா, இல்லை நான் கேட்கவில்லை என்று நினைத்தாரா? சீற்றின் தையலை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

“கடைசிப் பந்துக்கு எழும்பியிருக்கோணும்,” என்றார் அப்பா. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வந்த திட்டு. “குந்தினபடி கையை நீட்டினால் எப்பிடி வரும்?”

“ஓம், அதை விட்டிட்டன்,” என்று ஒத்துக்கொண்டேன். “மற்றதெல்லாம் நான் நல்லாப் பிடிச்சனான், அப்பா.”

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். “வாயைப் பார்! ஆரும் தங்களைத் தாங்களே...”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

“ஓம்,” என்றார் அப்பா. பிறகு காரை எடுத்தார்.